'பாஸ்' என்றொரு விளி

டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருத்தர் 'பாஸ், தீப்பெட்டி இருக்கா?' என்கிறார். கேட்கப்பட்டவர் எவருக்கும் பாஸ் அல்ல. கேட்டவர் அவரிடம் கூலி வாங்குபவரும் அல்ல. அலுவலகத்தில் 'பாஸ் வர்றார்' என்றதும் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் அதே சொல் இங்கே தோளில் கைபோடுகிறது.

ஆங்கிலத்துக்கும் இது இரவல் சொல்தான். டச்சில் 'பாஸ்' என்றால் எஜமான், ஒரு தொழிலின் தலைமைக் கைவினைஞர். (தமிழ் எழுத்தில் டச்சும் ஆங்கிலமும் ஒன்றாகவே நிற்கின்றன!) 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை நியூயார்க் டச்சுக் குடியேற்றம். அந்த வழியாக அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த சொல் 19ஆம் நூற்றாண்டில் பரவியதற்குக் காரணம் அடிமைமுறை. 'மாஸ்டர்' என்பது அடிமை தன் உடைமையாளனை அழைக்கும் சொல். கூலிக்கு உழைத்த வெள்ளையர் அதை வாயால் சொல்ல மறுத்தார்கள். 'சர்வன்ட்' வேண்டாம், 'ஹெல்ப்' போதும். 'மாஸ்டர்' வேண்டாம், 'பாஸ்' போதும். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1838இல் இதைக் கேலி செய்தார்: டச்சில் அதற்கும் அதே அர்த்தம்தானே என்று. அகராதிப்படி சரி. ஆனால் அது மேலிருந்து வரும் கேலி. உழைப்பவன் தன் சுயமரியாதைக்கு ஒரு சொல் தேடியதை அவர் பார்க்கவில்லை.

நாமும் அதோடு புளகாங்கிதப்பட்டு நின்றுவிட முடியாது. டேவிட் ரோடிகர் 1991இல் வெளியான 'தி வேஜஸ் ஆஃப் வொய்ட்னெஸ்' நூலில் இந்தச் சொல்மாற்றத்தைக் கட்டுடைக்கிறார். கூலி உறவு அப்படியே இருந்தது. 'நான் கறுப்பன் இல்லை' என்ற அடையாளம் மட்டும் கிடைத்தது. வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த இந்த உளவியல் கூலியைப் பற்றி டுபாய்ஸ் 1935லேயே எழுதிவிட்டார். அடிமைமுறை 1865இல் ஒழிந்த பிறகு என்ன ஆச்சு? தெற்கில் கறுப்பர்கள் வெள்ளையரை அதே 'பாஸ்' என்று அழைக்க வேண்டிவந்தது. சிறைப் பண்ணைகளில் காவலனும் பாஸ்தான். அடிமையிடமிருந்து விலகி நிற்கப் பிடித்த சொல், கடைசியில் அடிமையின் சந்ததி தலைகுனிந்து சொல்லும் சொல்லாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் ஒளிவுமறைவே இல்லை. வெள்ளையன் 'பாஸ்'. வெள்ளை மேலாதிக்கத்துக்கு 'பாஸ்ஸ்காப்' என்று பெயர். 1954 முதல் 1958 வரை பிரதமராக இருந்த ஸ்ட்ரெய்டம் அதை வெளிப்படையாகவே தன் கொள்கை என்றார்.

இலங்கையிலும் டச்சுக்காரர்கள் 1796வரை இருந்தார்கள். அங்கே சொல் வேறு திசையில் போயிற்று. சிங்களத்தில் 'பாஸ்' என்றால் தச்சர், கொத்தனார். கையில் உளியும் கரண்டியும் இருப்பவரே பாஸ்.

நம்மூர் விஷயத்துக்கு வருவோம். 'ஆண்டே', 'சாமி', 'எஜமான்' என்று விளியிலேயே சாதியைச் சுமக்கும் மொழி நம்முடையது. முன்பின் தெரியாதவரைக் கூப்பிட, சாதி கேட்காத ஒரு சொல் நகரத்துக்குத் தேவைப்பட்டிருக்கிறது. 'சார்' என்றால் படிப்பும் பதவியும் ஒட்டிக்கொள்கின்றன. 'அண்ணே' வயசைக் கேட்கிறது. பாஸ் எதையும் கேட்பதில்லை. ஆனால் டீக்கடையில் 'பாஸ்' என்ற அதே ஆள் ஊர் திரும்பினால், சேரியிலிருந்து வரும் பெரியவரை இப்போதும் 'டேய்' என்கிறார். நகரத்திலும், கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் வந்து இறங்குகிறவரை யாரும் 'பாஸ்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.