முருகைத் தீவுகளின் வாழ்வும் காப்பும்

மலைநாட்டுச் சமையலிற் சம்பலுக்குச் சுவையூட்டும் மாசி, தொன்றுதொட்டு மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த வாணிபப் பொருளாகும். மாலைதீவுக்கு வடக்கேயுள்ள இலட்சத்தீவுகளிலும், சிறப்பாக மினிக்கோயிலும், அது செய்யப்படுகின்றது. அலவத்துகொட போன்ற மலையூர்களின் அடுக்களையை நடுக்கடற் சிறுதீவோடு இணைக்கும் இவ்வுணவு, முருகை என்னும் சிற்றுயிரின் உழைப்பைச் சார்ந்ததென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வளைய வடிவான முருகைத் தீவுகளின் தோற்றத்துக்குச் சாள்ஸ் டார்வின் 1842 இல் விளக்கமளித்தார். எரிமலைத் தீவொன்றைச் சூழ்ந்து முருகைகள் சுண்ணக்கூடு அமைக்கின்றன. தீவு மெல்லத் தாழுந்தோறும் அவை மேனோக்கி வளர்கின்றன. ஈற்றில் மலை மறைய, முருகைப்பாராகிய வளையமும் அதனுள்ளே ஆழங்குறைந்த களப்புமே எஞ்சும். பாரிலிருந்து உடைந்த துகள்கள் அலைகளால் ஒதுக்கப்பட்டு நிலமாகின்றன. எனவே இத்தகைய தீவில் மண்ணென்பதும் உயிர்களின் எச்சமேயாகும். இலட்சத்தீவுகளின் நிலப்பரப்பு முழுவதும் ஏறத்தாழ 32 சதுரக் கிலோமீற்றரே.

முருகையின் உடலினுள் வாழும் நுண்பாசிகள் அதற்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் வழக்கத்தினும் மிகுதியாக வெப்பமுறின் இவ்வுறவு முறிகின்றது. முருகை வெளிறி, வெப்பம் நீடிப்பின் பட்டினியால் மடிகின்றது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுகளில் இந்நிலை நேர்ந்தது. மைசூரிலுள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர், 1998 தொடக்கம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக அகத்தி, கத்மத், கவரத்தி ஆகிய தீவுகளின் பார்களை அளந்து வந்துள்ளனர். அக்காலத்துள் உயிருள்ள முருகையின் பரப்பு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துள்ளது. ஒவ்வோர் அழிவின் பின்னும் பார் மீளத் தளிர்க்க முயன்றது. எனினும் அடுத்த வெப்பம் வருமுன் முற்றாக மீள்வதற்குப் போதிய இடைவெளி கிடைக்கவில்லை.

இத்தீவினரின் மரபுவழி மீன்பிடி ஈண்டுக் கருதத்தக்கது. அவர்கள் களப்பிலே சிறுமீன்களை உயிருடன் பிடித்து, வெளிக்கடலில் இரையாகத் தூவித் தூண்டிற்கோலாற் சூரையைப் பிடிப்பர். அதனாற் பாரிலே வாழும் கிளிமீன்கள் பெரிதும் தப்பின. அவை பாறையிற் படரும் பாசியை மேய்வதனால் இளமுருகைக்கு இடங்கிடைக்கின்றது. அண்மைக் காலத்திற் பார்மீன்களை விற்பனைக்காகப் பிடிக்கும் வழக்கம் பெருகிவருவது இவ்வியற்கைக் காவலைக் குலைக்கக்கூடும்.

உலகு வெப்பமுறுவதைத் தீவினர் தனித்துத் தடுக்கவியலாது. எனினும் மேயும் மீனைக் காத்துப் பாருக்கு மீளும் வலிமையை அளிக்கவியலும். எஞ்சிய பொறுப்பு, புகை கக்கும் நாடுகள் அனைத்துக்கும் உரியது. பார் அழியிற் களப்பின் சிறுமீன் இல்லை. சிறுமீன் இன்றேற் சூரை பிடித்தலும் மாசியும் இல்லை. காலப்போக்கில், நிற்பதற்கு நிலமும் இல்லையாம்.