பேண்ட் ஆளுக்கா, வேலைக்கா?

பிரிட்டனுக்குப் போகும் நம்மூர் செவிலியர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "பன்னிரண்டு வருஷம் ஐ.சி.யூ.ல வேலை பார்த்திருக்கேன். எதுக்கு என்னை பேண்ட் 5-ல போடறாங்க?" நியாயமான கேள்விதான். அங்கே பயிற்சியையும் பதவி உயர்வையும் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அதைப் பற்றி நான் எடுத்து வைத்த குறிப்புகள் இவை.

முதலில் திறன். 1990-இல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் அதை நான்கு படிகள் கொண்ட பிரமிடாகக் காட்டினார். அடியில் 'தெரியும்'. அதன் மேல் 'எப்படிச் செய்வதென்று தெரியும்'. மூன்றாவது 'செய்து காட்ட முடியும்'. உச்சியில் 'அன்றாட வேலையில் செய்கிறார்'. நம் எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடும். ஐ.வி. லைன் போடும் முறையைப் பத்து மார்க்குக்கு எழுதுவது வேறு. வெயினே கிடைக்காத ஒரு பாட்டியின் கையில் போடறது வேற, இல்லையா?

மூன்றாம் படியை அளக்க வந்த தேர்வுதான் 'ஓஸ்கி'. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் உருவாக்கி, 1975-இல் வெளியிட்ட முறை. தேர்வு எழுதுபவர் ஒவ்வொரு மேசையாகப் போய், கொடுத்த வேலையைக் குறித்த நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். பிரிட்டனில் பதிவு கேட்கும் வெளிநாட்டுச் செவிலியருக்கு மொழித் தகுதி, கம்ப்யூட்டர் தேர்வு, அதோடு பத்து கட்டங்கள் கொண்ட ஓஸ்கி. இதெல்லாம் முடிந்து பதிவு கிடைத்தால் பேண்ட் 5.

இதுவரை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்காமல், செய்து காட்டு என்கிறார்கள். சிக்கல் உள்ளே போன பிறகுதான்.

2004 கடைசியில் என்.எச்.எஸ். 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' என்ற ஊதிய முறைக்கு மாறியது. டாக்டர்கள், பல் மருத்துவர்கள், மிக மூத்த மேலாளர்கள் தவிர ஏறக்குறைய எல்லோரும் இதில் அடக்கம். ஒவ்வொரு பணியிடத்துக்கும் 16 அம்சங்களில் மதிப்பெண் போட்டு பேண்ட் நிர்ணயிக்கிறார்கள். கவனிங்க: மதிப்பெண் வேலைக்கு, அதைச் செய்யும் ஆளுக்கு அல்ல. வார்டு செவிலியர் பணியிடம் பேண்ட் 5 என்றால், அங்கே யார் வந்தாலும் பேண்ட் 5. ஆறுக்குப் போக இடம் காலியாக வேண்டும். விண்ணப்பித்து, இன்டர்வியூவில் தேற வேண்டும்.

திறனையும் சம்பளத்தையும் இணைக்க ஒரு முயற்சியும் நடந்தது. அதே 2004-இல் வந்த அறிவு-திறன் சட்டகத்தில் 30 தலைப்புகள். தகவல் தொடர்பு, தரம் உள்ளிட்ட 6 எல்லோருக்கும் பொது. ஒவ்வொன்றிலும் 4 நிலைகள், வருடாந்திர மதிப்பாய்வு வேறு. ஆனால் திறனை நிரூபித்தவருக்குத் திறந்த வாசல், பேண்டுக்கு உள்ளே இருந்த சம்பளப் படிகளுக்கு மட்டும்தான். காகித வேலை பெருகியதால் 2010-இல் அதைச் சுருக்கவும் வேண்டியதாயிற்று.

வேறு வழியே இல்லையா? அதே என்.எச்.எஸ்.ஸில் மகப்பேறு பணியாளர்களான மிட்வைஃப்களைப் பாருங்கள். பேண்ட் 5-இல் சேர்ந்து, குறிப்பிட்ட திறன்களைக் காட்டியதும், காலியிடத்துக்குக் காத்திருக்காமல் 6-க்குப் போகிறார்கள். செவிலியர்களுக்கும் இதே வழி வேண்டும் என்று ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் கேட்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. திறனுக்குத் தேர்வு, பதவிக்குக் காலியிடம் என்று இரண்டையும் பிரித்து வைத்தால், கத்துக்கிட்டவங்களுக்கு மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்தான்.

எந்த நாட்டில் இப்படி ஒரு சட்டகம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். திறனை யார் நேரில் பார்த்து உறுதி செய்கிறார்? அந்தப் பதிவு அடுத்த ஆஸ்பத்திரியிலும் செல்லுமா? தேறிய பிறகு சம்பளமோ பொறுப்போ மாறுமா?

கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். சேரும்போது எந்தச் சம்பளப் படியில் வைப்பது என்று முடிவு செய்கையில், என்.எச்.எஸ்.ஸுக்கு வெளியே பெற்ற பொருத்தமான அனுபவத்தையும் கணக்கில் எடுக்க நிர்வாகத்துக்கு விதிகளில் இடமுண்டு. ஆனால் அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. அதனால் அனுபவச் சான்றிதழ்களை இணைத்து, வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டுடுங்க. பேண்ட் மாறாது, ஆரம்பச் சம்பளம் மாறலாம்.