உங்களுக்குத் தெரியுமா? மத்தளம்பாறையும் நெட்வொர்க் காவலும்

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறை 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தாமிரபரணியில் சேரும் சிற்றாற்றின் வட்டாரம். இங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவைப் பலரும் மின்னஞ்சல், கணக்கு மென்பொருளுக்காகவே அறிவார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எழுதுவதுதான் அதன் பிழைப்பு. 2001 வாக்கில் அந்தத் துறை சரிந்தது. உடனே நிறுவனம் சாதாரண அலுவலகங்களின் பக்கம் திரும்பி, அவற்றின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மேனேஜ்எஞ்சின் மென்பொருளைக் கொண்டுவந்தது.

இதன் வேலை என்ன? ஒவ்வொரு ரவுட்டரையும் சர்வரையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறாயா, எவ்வளவு சுமை?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி பறக்கும். கருவியே முந்திக்கொண்டு, 'இணைப்பு அறுந்தது' என்று தானாகச் சொல்வதும் உண்டு.

பாளையங்கோட்டையில் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்குத் தனி ஐடி ஆள் கட்டுப்படியாகாது. அந்தப் பொறுப்பை வெளி நிறுவனம் ஒன்று மாதக் கட்டணத்துக்கு ஏற்பதுதான் மேலாண்மைச் சேவை. இத்தகைய மென்பொருள் இருந்தால், சேவை தருபவர் ஒரே திரையில் பல வாடிக்கையாளர்களைக் கவனிக்கலாம். ஒருவர் தரவு இன்னொருவர் கண்ணில் படாது. இணைய லைன் மட்டும் விற்றால் லாபம் போதவில்லை என்பதால், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இதில் இறங்கிவிட்டன.

இன்னொன்று: உலகெங்கும் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் உருவானது தென்காசியில்தான்.