நரம்பைச் சீண்டாத ஊசி

நம் தோலின் மேற்புறத்தை இறந்த செல்களாலான ஓர் உறை மூடியிருக்கிறது. தடிமன் வெறும் 10 முதல் 20 மைக்ரான்தான். பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பது இதுவே. இதைத் தாண்டத்தான் ஊசி போடுகிறோம். ஆனால் அந்த ஊசி, உறையைக் கடந்து தசைவரை இறங்கிவிடுகிறது. வழியில் வலி நரம்புகளையும் சீண்டுகிறது.

உறையை மட்டும் துளைக்கும் குட்டை ஊசி போதாதா? 1970களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். செய்து பார்க்கத்தான் வழி இல்லை. அந்த வழியைக் கணினிச் சிப் தயாரிக்கும் கூடத்தில் கண்டவர் மார்க் பிராஸ்னிட்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மின்துடிப்பால் தோலைத் திறப்பது பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற வேதிப் பொறியாளர். 1995இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரும் குழுவினரும் சிலிக்கான் தகட்டின்மேல் குரோமியப் புள்ளிகளை வரிசையாகப் பதித்தார்கள். பிளாஸ்மா எனும் மின்னேறிய வாயு, புள்ளி மறைக்காத இடங்களை அரித்துக்கொண்டே போகும். பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். புள்ளிகளுக்கு அடியில் தூண் மெலிந்து, கடைசியில் புள்ளியே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது கூர்முனை. நீளம் சுமார் 150 மைக்ரான். 1998இல் வெளியான அந்த ஆய்வில், தோல் வழியே ஒரு சாயம் ஊடுருவும் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

ஆனால் சிலிக்கான் உடையக்கூடியது. முனை முறிந்து உடம்பில் தங்கினால் ஆபத்து. என் பார்வையில், பிராஸ்னிட்ஸ் குழுவின் பெரிய பாய்ச்சல் இதற்கு அவர்கள் கண்ட விடைதான்: நீரில் கரையும் பொருளோடு தடுப்பு மருந்தைக் கலந்து, அதையே ஊசியாக வார்த்தார்கள். பிளாஸ்திரி போல மணிக்கட்டில் வைத்து அழுத்தினால் போதும், ஊசிகள் தோலுக்குள் கரைந்துவிடும். குப்பையில் போடக் கூர்முனையே மிஞ்சாது. 2015இல் ஃப்ளூ தடுப்பு மருந்தோடு மனிதர்களிடம் சோதித்தபோது, தேவையான அழுத்தம் விழுந்ததும் 'டக்' என்று ஒலிக்கும் அமைப்பையும் சேர்த்திருந்தார்கள். தாங்களே ஒட்டிக்கொண்டவர்களுக்கும் மருந்து நன்றாகவே வேலை செய்தது.

தட்டம்மைக்குத்தான் இது அவசரமாகத் தேவை. இன்றைய தட்டம்மைத் தடுப்பு மருந்து தூளாக வருகிறது. கரைத்துச் செலுத்தத் தேர்ந்த கை வேண்டும், கரைத்த ஆறு மணி நேரத்துக்குள் தீராவிட்டால் கொட்டிவிட வேண்டும். மின்சாரமே ஒழுங்காக எட்டாத ஊர்களில், மருந்து கெடாமலிருக்க ஐஸ் பெட்டியைச் சுமந்து நடக்கும் செவிலியர்களுக்கு அது எத்தனை பெரிய பாரம்! மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், தட்டம்மை – ரூபெல்லா பிளாஸ்திரியைக் குழந்தைகளுக்கு ஒட்டிப் பார்த்த ஆய்வு 2024இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஐந்து நிமிட ஒட்டல், ஊசிக்கு ஈடான எதிர்ப்பாற்றலைத் தந்தது. அடுத்து வேண்டியது, இன்னும் பெரிய சோதனையும், இதை லட்சக்கணக்கில் மலிவாக வார்க்கும் ஆலையும்.