பிட்டா, பைட்டா?

அமிர்தியிலிருந்து ஆம்பூரில் உள்ள ஷூ ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு மாதிரி ஜோடியின் வீடியோவை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ 300 எம்பி. வீட்டு இணைப்போ '40 எம்பி ஸ்பீடு' என்று சொல்லிக் கொடுத்தது. முந்நூறை நாற்பதால் வகுத்தால் ஏழரை வினாடி. ஆனால் பத்து நிமிடம் ஆகியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மலையடிவாரம், சிக்னல் அப்படித்தான் இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஜவ்வாது மலைமேல் பழி போடுவதற்கு முன் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம்.

வீடியோவின் 'எம்பி' மெகாபைட். வேகத்தின் 'எம்பி' மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆங்கிலத்தில் சிறிய 'பி' எழுத்து பிட்டையும் பெரிய 'பி' எழுத்து பைட்டையும் குறிக்கும். காகிதத்தில் கண்ணுக்குத் தெரிகிற அந்த வித்தியாசம் வாயால் சொல்லும்போது காணாமல் போகிறது. இணைப்பு கொடுக்க வருகிறவரும் தொலைபேசியில் பேசுகிறவரும் 'எம்பி' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். எட்டு மடங்கு வித்தியாசம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. தோல் விலை பேசும்போது சதுர அடியா, சதுர டெசிமீட்டரா என்று கேட்காமல் இங்கே யாரும் கைகொடுக்க மாட்டார்கள். ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர் என்பது தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வேகத்தை எட்டால் வகுத்தால் போதும். 40 மெகாபிட் என்றால் வினாடிக்கு 5 மெகாபைட். 100 மெகாபிட் என்றால் 12.5. ஆக, 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு இறங்கும்போது கணினி 12 மெகாபைட் என்று காட்டினால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அதற்காகப் புகார் கொடுத்தால் அது நிற்காது.

ஆனால் 40 மெகாபிட்டில் நம் வீடியோ ஒரு நிமிடத்தில் போயிருக்க வேண்டுமே? இங்கேதான் இரண்டாவது மறைவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். பல திட்டங்களில் ஏற்றும் வேகம் அதைவிடக் குறைவு. அது 4 மெகாபிட் என்றால் 300 மெகாபைட் போய்ச் சேரச் சரியாகப் பத்து நிமிடம். வாடிக்கையாளருக்குப் படமும் வீடியோவும் அனுப்பிப் பிழைப்பவர்கள் இணைப்பு வாங்கும் அன்றே ஏற்றும் வேகத்தைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கைபேசித் திட்டத்திலும் இந்தக் கணக்கு கடிக்கும். நாளுக்கு 1.5 ஜிபி என்பதை 40 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்குகிறது. அது வினாடிக்கு 8 கிலோபைட். 4 எம்பி படம் ஒன்று போக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'அன்லிமிடெட்' என்ற சொல்லை இந்த எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பிராட்பேண்ட் என்று அழைக்கப்படக் குறைந்தபட்ச இறக்கும் வேகம் 2004இல் 256 கிலோபிட்டாக இருந்தது. 2013இல் 512 ஆனது. 2023 ஜனவரியிலிருந்து 2 மெகாபிட். நம் கணக்கில் அது வினாடிக்குக் கால் மெகாபைட்தான். பெரிய வேகமில்லை, ஆனாலும் அதற்குக் கீழே போனால் அந்தப் பெயருக்கே இடமில்லை. அளவு தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவு என்பதையும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

சந்தேகம் வந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 'மைஸ்பீடு' செயலியில் சோதித்துப் பாருங்கள். அது மெகாபிட்டில் காட்டும். வீட்டு இணைப்பானால் வைஃபையை நம்பாமல், முடிந்தால் கணினியை மோடத்தோடு கேபிளில் இணைத்து அளந்து பாருங்கள். சுவரும் தூரமும் வைஃபையில் பாதி வேகத்தை விழுங்கிவிடும். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை என்று சில நாள் பார்த்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாரை முதலில் நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அதற்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் வீணாக நாளைக் கழிக்கிறார்கள். புகார் எண் தருவது நிறுவனத்தின் கடமை. அதை வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் சொல்லலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்கள் அங்கே செல்லாது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அமிர்திக்காரருக்கு வேலூரே போதும், நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மனுவில் 'நெட் ஸ்லோ' என்று எழுதாதீர்கள். விளம்பரத்தில் 'வரை' என்ற சொல் இருந்ததா என்று பார்த்து, அதன் நகலை இணையுங்கள். சொன்னது எத்தனை மெகாபிட், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை மெகாபிட் கிடைத்தது என்று எழுதுங்கள். இரண்டு எண்களும் பிட்டிலேயே இருக்கட்டும்.