டான்துய்: பிள்ளைகளுக்கு முதல் பாடம்



பிள்ளைகளைக் குங்பூ வகுப்பில் சேர்த்த பெற்றோர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். "ஒரு மாதமாக ஒரே குத்து, ஒரே உதை. நிறுத்திவிடலாமா?" என்பது ஒன்று. "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்பது மற்றொன்று. சீன முஸ்லிம்களின் டான்துய் பயிற்சியைத் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும்.

டான்துய் என்றால் விசையுடன் பாயும் கால் என்று பொருள். வட சீனக் குங்பூவில் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் தொடக்கப் பயிற்சி இது. ஹுய் முஸ்லிம்களிடம் 10 பாதைகள் கொண்ட முறை வழங்குகிறது. 1910ல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வூ சங்கம் 12 பாதை முறையைத் தன் அடிப்படைப் பாடமாக வைத்தது. அரபு எழுத்துக்கள் 28க்கும் ஒவ்வொரு பாதை இருந்ததாக வாய்மொழிக் கதையும் உண்டு. நல்ல டான்துய் முஸ்லிம்களிடமே உள்ளது என்ற கருத்தில் சீனர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது.

பாதை என்பது சில அசைவுகளின் சிறு தொடர். அதை வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை என மாற்றி மாற்றிச் செய்தபடி நேர்கோட்டில் முன்னேற வேண்டும். கோட்டின் முடிவில் திரும்பி வர வேண்டும். முதல் பாதையில் முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நின்று குத்துவர். இரண்டாம் பாதையில் ஒரு கை குத்தும்போதே எதிர்ப்பக்கக் கால் உதைக்கும். உதை தலைக்கு மேல் போகாது. ஒற்றைக் காலில் சாயாமல் நிற்பதுதான் பாடம்.

திரும்பத் திரும்பச் செய்வதன் காரணம் இப்போது புரியும். எல்லோருக்கும் ஒரு பக்கம் பலவீனமாக இருக்கும். இரு பக்கமும் சமமாகும்வரை அடுத்த பாதைக்குப் போவதில் பயனில்லை. மதரஸாவில் அலிஃப், பா உச்சரிப்பு சரியாகும்வரை உஸ்தாத் அடுத்த பாடம் தருவதில்லையே!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை: பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்ற வேண்டும். மடங்கிய முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதவிரல்களின் திசையில் இருக்க வேண்டும். வலித்தால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. ஹெபெய் மாநிலத்தின் சாங்சௌ பகுதியைச் சேர்ந்த ஹுய் முஸ்லிம் வாங் சிபிங், 1928ல் நான்ஜிங்கில் அமைந்த மத்தியக் கலைக்கழகத்தில் ஷாவொலின் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். எலும்பு முறிவு வைத்தியமும் செய்தவர். அவர் தம் மகள் வாங் ஜூரொங்கை ஒதுக்கி வைக்கவில்லை. தந்தையிடம் கற்ற அந்த மகள் பின்னாளில் ஷாங்காயில் இக்கலையின் பேராசிரியரானார்.

ஆகவே அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஆசிரியையும் உண்டா என்று கேட்டுச் சேருங்கள். கற்றதைத் தெருவில் காட்டக் கூடாது என்பதை வீட்டிலும் சொல்லுங்கள். கோபத்தை அடக்குபவரே பலசாலி என்பது நம் பிள்ளைகள் அறிந்த நபிமொழிதானே.