ஆண்டிலே ஒரு வாரம்

வீடு வாங்குவோர் உளர். காணி வாங்குவோர் உளர். ஆண்டிலே ஒரேயொரு வாரத்தை மாத்திரம் விலைகொடுத்து வாங்குவோரும் உலகிலே உளர் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அவ்வளவு வியப்படைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவரின் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், நிலத்தோடு கிணற்றிலே பங்கும் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். கிணறு ஒன்று, பங்காளிகள் பலர், ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. தண்ணீருக்கு அமைந்த அந்த முறையைக் கடற்கரை விடுதிக்கும் மலைச்சாரல் மனைக்கும் அமைத்துக்கொண்டால், அதுவே மேலைநாட்டார் 'ரைம்ஷெயர்' என்று வழங்கும் காலப்பங்கு ஆகும்.

1963ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்திலே தோன்றிய ஹப்பிமாக் என்னும் கம்பனி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. விடுமுறை மனைகளைக் கம்பனி வாங்கி வைத்திருக்க, பங்குதாரர்கள் அவற்றிலே முறைவைத்துத் தங்கினர். அதே தசாப்தத்திலே பிரான்சு நாட்டின் அல்ப்ஸ் மலையிலும் இத்தகைய ஏற்பாடு தலைகாட்டிற்று. பின்னர் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி ஐக்கிய அமெரிக்காவை அடைந்தபோதுதான் இது பெரும் வாணிபமாயிற்று. ஆரம்பத்திலே வாங்கியவர்களுக்கு இடம் தேடும் தொல்லை பெரும்பாலும் இருக்கவில்லை. ஆண்டின் வாரங்களுக்கு 1 முதல் 52 வரை இலக்கம் இடப்பட்டிருந்தது. 26ஆம் வாரத்தை வாங்கியவருக்கு ஆயுள் உள்ளவரை அதே விடுதி, அதே அறை, அதே 26ஆம் வாரம்.

ஆனால் எத்தனை அழகிய கடற்கரையும் ஐந்தாறு முறை பார்த்தபின் சலித்துவிடும். பிள்ளைகள் வளர்ந்து பள்ளி விடுமுறைக் காலமும் மாறிவிடும். ஆகவே, 'என் வாரத்தை எடுத்துக்கொண்டு வேறோர் ஊரிலே ஒரு வாரம் தருவீரா?' என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடையாக 1974ஆம் ஆண்டிலே இந்தியானா மாநிலத்திலே டிஹான் தம்பதியினர் ஆர்.சி.ஐ. என்னும் பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளின் பின் இன்ரர்வல் இன்ரநாஷனல் என்னும் நிறுவனம் அதற்குப் போட்டியாக எழுந்தது. அங்கத்தவர் தமது வாரத்தை வங்கியிலே பணம் வைப்பதைப் போல வைப்பிலிடுவார். பிறர் வைப்பிலிட்ட வாரங்களிலிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்வார். எல்லா வாரங்களும் ஒரே மதிப்புடையன அல்லவாதலின், ஆர்.சி.ஐ. நிறுவனம் அவற்றைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூவகைப்படுத்திற்று. சிவப்பு யாவரும் விரும்பும் காலம். நீலம் எவரும் அதிகம் நாடாத காலம்.

இங்கேதான் 'இடம் உண்டா?' என்னும் வினா பிறந்தது. நெடுங்காலம் அதற்குரிய விடை தொலைபேசியின் மறுமுனையிலே இருந்தது. அங்கத்தவர் கையிலே விடுதிகளின் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். அலுவலர் முன்னாலோ கணினித் திரை இருக்கும். அங்கத்தவர் ஊர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, அலுவலர் 'இல்லை, இல்லை' என்பார். உண்மையிலேயே இல்லையா, அலுவலருக்குத் தேடப் பொறுமை இல்லையா என்பதை அறிய வழியில்லை. இணையம் பரவிய பின்னர் அத்திரை அங்கத்தவரை நோக்கித் திரும்பிற்று. இந்தச் சிறு திருப்பம் மக்களுக்குக் கொடுத்த ஆறுதல் பெரிது. எனினும் திரையிலே தெரிவதெல்லாம் என்னவென்று விளங்கிக்கொள்ளாதவர்க்கு அதுவும் பழைய தொலைபேசியே.

விளக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும். 1991ஆம் ஆண்டிலே தொடங்கிய டிஸ்னி விடுமுறைக் கழகத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கே அங்கத்தவர் குறிப்பிட்ட வாரத்தை வாங்குவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் புள்ளிகளை வாங்குகின்றார். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. நத்தார்க் காலத்து இரவுக்கு அதிகம். நெரிசலற்ற காலத்து இரவுக்குக் குறைவு. ஓர் இரவின் விலையைக் கழகம் கூட்டினால் வேறோர் இரவின் விலையை அந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் விதி. இல்லையெனில் வாங்கியவரின் புள்ளிகள் காகிதப் பணம்போல் தேய்ந்துவிடும் அல்லவா? ஓர் ஆண்டிலே செலவழியாத புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம். வரும் ஆண்டின் புள்ளிகளை முன்கூட்டியே கடனாகவும் எடுக்கலாம். தாம் பங்கு வாங்கிய விடுதியிலே 11 மாதங்களுக்கு முன்பும், கழகத்தின் ஏனைய விடுதிகளிலே 7 மாதங்களுக்கு முன்பும் பதிவுசெய்ய உரிமையுண்டு. புளோரிடா நேரம் காலை 8 மணிக்கு இணையத்திலே பதிவு திறக்கும். கலிபோர்னியாவிலே வசிக்கும் அங்கத்தவர் அதற்காக அதிகாலை 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

பதிவு ஏடு எவ்வாறு அமைந்துள்ளது? ஒரு பெரிய கட்டத்தாளை மனக்கண்ணிலே வரைந்துகொள்க. குறுக்கே இரவுகள், நெடுக்கே அறை வகைகள். ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சியுள்ள அறைகளின் எண்ணிக்கை. ஏழு இரவுகள் வேண்டுமென ஒருவர் தேடும்போது கணினி ஏழு கட்டங்களையும் பார்க்கின்றது. ஆறிலே இடமிருந்து ஒன்றிலே சுழியம் இருந்தாலும் விடை 'இல்லை' என்றே வரும். விடுதி காலியாகக் கிடக்க, இடமில்லை என்று திரை சொல்வதாகப் பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழு இரவுகளையும் ஒன்றாகக் கேளாது, மூன்றும் நான்குமாகப் பிரித்துக் கேட்பவர், அல்லது தொடக்க நாளை ஒருநாள் தள்ளிப் பார்ப்பவர், அதே ஏட்டிலே இடம் காண்பதுண்டு. இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு படுக்கையறை கொண்ட மனைகள் பல, இடைக்கதவைப் பூட்டினால் சிறிய மனை ஒன்றாகவும் நடுத்தர மனை ஒன்றாகவும் பிரியத்தக்கன. சிறியதை ஒருவர் எடுத்த கணமே, பெரிய மனை ஒன்றும் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். சிறிய மனைக்குப் புள்ளி விலை குறைவு; ஆகவே அது முதலிலே போய்விடும். பெரிய குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் காலந்தாழ்த்தலாகாது என்பதன் காரணம் இதுவே.

விதி இருக்கும் இடத்திலே விதியை வளைக்கும் சாமர்த்தியமும் இருக்கும். 11 மாத எல்லை, விடுதிக்கு வந்துசேரும் நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்த நாளோடு தொடர்ந்து வரும் ஏழு இரவுகளையும் அப்போதே பதிவு செய்யலாம். எனவே நத்தார் வாரத்தை விரும்பும் ஒருவர், அதற்குப் பல நாள் முந்திய, எவரும் நாடாத நாளிலிருந்து ஏழு இரவுகளைப் பிடித்துக்கொள்வார். பின்னர் நாள்தோறும் பின்னால் ஓர் இரவை விட்டு முன்னால் ஓர் இரவைச் சேர்த்து, தமது பதிவை நத்தார்வரை நடத்திச் செல்வார். முறைப்படி உரிய நாளிலே காலை 8 மணிக்குத் திரையைத் திறக்கும் அங்கத்தவர், எல்லாம் முடிந்துவிட்டதைக் கண்டு திகைப்பார். இதனை அங்கத்தவர்கள் 'நடத்தல்' என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். விதியின் எழுத்துக்கு இது முரணன்று. ஆயினும் பங்காளி ஒருவர் விடியுமுன் வந்து துலாவைப் பிடித்துக்கொண்ட கதைதான். இதனால் மிகவும் நட்டமடைவோர், பள்ளி விடுமுறையன்றி வேறு காலத்திலே ஊரைவிட்டு அசைய முடியாத ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பெற்றோரும் ஆவர். ஓய்வுபெற்றவருக்கு எந்த மாதமும் ஒன்றே. இவர்களுக்கோ ஆண்டிலே சில வாரங்களே உண்டு.

பரிமாற்ற நிறுவனங்களின் திரை இதனினும் சிக்கலானது. ஆர்.சி.ஐ. முறையிலே, ஓர் அங்கத்தவர் வைப்பிலிட்ட வாரத்துக்கு எவ்வளவு கேள்வி உண்டு, அதை எவ்வளவு முன்கூட்டி வைப்பிலிட்டார், விடுதியின் தரம் என்ன என்பனவற்றைக் கொண்டு அதன் பரிமாற்ற வலு கணிக்கப்படும். முன்னர் அந்த வலுவுக்கு எட்டிய வாரங்களே அவர் திரையிலே தோன்றின. இருவர் ஒரே நிமிடத்திலே ஒரே ஊரைத் தேடினாலும் இருவருக்கும் வெவ்வேறு பட்டியல் வந்ததுண்டு. 2010ஆம் ஆண்டிலேதான் ஆர்.சி.ஐ. அந்த வலுவை எண்ணாக்கி அங்கத்தவருக்குக் காட்டத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் தமது கைப்பொருளின் மதிப்பை அறியாமலே மக்கள் பண்டமாற்றுச் செய்தனர் எனலாம். அங்கத்தவர் வைப்பிலிட்ட வாரங்களை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றனர் என்று குற்றஞ்சாட்டி 2006ஆம் ஆண்டிலே நியூ ஜெர்சியிலே வழக்கொன்றும் தொடரப்பட்டது. அது பின்னர் இணக்கமாகத் தீர்ந்தது. ஏட்டிலே 'இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையே அந்த வழக்கின் சாரம்.

இந்தியாவிலும் 1996ஆம் ஆண்டு முதல் மகிந்திரா நிறுவனம் இத்தகைய கழகத்தை நடத்துகின்றது. அங்கே பருவங்களுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறம். நீலத்தை மலிவாக வாங்கிவிட்டு ஊதாக் காலத்திலே இடம் தேடினால் திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

விற்பனையாளர் பேசும்போது இவையெல்லாம் காதிலே விழுவதில்லை. கடலும் மலையும் காட்டும் படங்கள் சுவரிலே தொங்க, குளிர்பானம் கையிலே இருக்க, அன்றே கையொப்பம் இட்டால் சலுகை என்பார்கள். கையொப்பமிட்டவர் தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியே தீரவேண்டும். அது காலப்போக்கிலே உயரவும் கூடும். இந்த அவசரத்தின் ஆபத்தை உணர்ந்துதான் புளோரிடா மாநிலச் சட்டம் வாங்கியவர் மனம்மாற 10 நாள் அவகாசம் கொடுக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பணிப்புரையோ 14 நாள் கொடுக்கின்றது. அந்த நாட்களை வீணாக்காமல், ஏற்கெனவே அங்கத்தவராயுள்ள ஒருவரின் திரையிலே, தமக்குத் தேவையான மாதத்திலே, தமக்குத் தேவையான அறை கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது புத்திசாலித்தனம். படத்தைவிட அந்தப் பட்டியல் அதிகம் பேசும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிஸ்னிக் கழகத்திலே, வந்துசேரும் நாளுக்கு 30 நாட்கள் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது பதிவை இரத்துச் செய்பவரின் புள்ளிகள் தனிக் கணக்கொன்றிலே அடைபட்டுப்போம். அதன் பின் 60 நாட்களுக்கு உட்பட்ட பதிவுகளுக்கே அவற்றைப் பயன்படுத்த முடியும். ஆகவே பயணத்திலே ஐயமுள்ளவர்கள் 31ஆம் நாளுக்கு முன்னரே தமது இடத்தை விட்டுவிட முயல்வர். அவ்வாறு விடப்பட்ட இரவுகள் முதலிலே காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்; அங்கே பொருந்துவார் இல்லையெனில் ஏட்டுக்குத் திரும்பும். பயணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நாளுக்கொரு தடவை திரையைத் திறந்து பார்ப்பவருக்கு, 11 மாதங்களுக்கு முன் கிடைக்காத அறை அப்போது கிடைப்பதுண்டு.